எகிப்து போறதுக்கு முன்னாடி: பிரமிடை எந்த வரிசையில பார்க்கணும்?

ஜனவரியில நானும் அம்மாவும் எகிப்து போறோம்னு போன எபிசோட்ல போற போக்குல சொல்லியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "ப்ரோ, பிளானை அனுப்புங்க." அனுப்புறேன். ஆனா அந்த பிளான் ஏன் அப்படி இருக்குன்னு தெரியாம அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. அதனால இன்னைக்கு அதைப் பத்தி மட்டும் பேசலாம்.

முதல்ல நிலவரம். எங்க கையில இருக்கிறது மொத்தம் எட்டு நாள். ஃப்ளைட் டிக்கெட் அம்மாவோட ரிட்டயர்மென்ட் காசு. இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்துட்டு அவங்க போற முதல் வெளிநாட்டுப் பயணம். வலது முட்டியில தேய்மானம் இருக்கு, படி இறங்குறதுதான் பெரிய கஷ்டம். ஒரு டிராவல் ஏஜென்ட் எங்களுக்குக் கொடுத்த பேக்கேஜ்ல முதல் நாள் காலையில கீசா பிரமிடு, மதியம் மியூசியம், சாயங்காலம் பர்ஃப்யூம் கடை. அதை அம்மாகிட்ட காட்டினேன். "பெரிய கல்லை முதல்லயே பார்த்துட்டா அப்புறம் மிச்சக் கல்லையெல்லாம் எதுக்குப் பார்க்கணும்?"னு கேட்டாங்க. விளையாட்டாத்தான் கேட்டாங்க, ஆனா அந்தக் கேள்வியை வச்சுத்தான் நான் மொத்த பிளானையும் திருப்பிப் போட்டேன்.

பிரச்சனை என்னன்னா, எகிப்தை நாம ஒரே காலமா நினைச்சுக்கறோம். பிரமிடு, மம்மி, துட்டன்காமன், கிளியோபாட்ரா எல்லாம் ஒரே பையில கிடக்கு. கூஃபுவோட பெரிய பிரமிடு கட்டினது ஏறக்குறைய கி.மு. 2560. துட்டன்காமன் வர்றது அதுக்கு 1,200 வருஷம் கழிச்சு. கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30. அதாவது பிரமிடு கட்டின காலத்தை விட நம்ம காலம்தான் கிளியோபாட்ராவுக்குப் பக்கம். இந்த அளவு தூரம் மனசுல இல்லாம போனா, மூணாவது நாள் எல்லாத் தூணும் ஒரே தூணாத்தான் தெரியும். போயிட்டு வந்த ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேர்கிட்ட கேட்டேன், நாலு பேர் சொன்னது இதுதான்: "மச்சான், ரெண்டு நாளுக்கு மேல கண்ணுல எதுவும் ஏறலடா."

இதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி, கட்டின வரிசையில பார்க்கிறது. எல்லாத்தையும் அப்படிப் பார்க்க முடியாது, பிரமிடை மட்டுமாவது.

கெய்ரோவுக்குத் தெற்கே சக்காரா. அங்க இருக்கிற ஜோசர் மன்னரோட படிப் பிரமிடு ஏறக்குறைய கி.மு. 2650. கட்டினவர்னு பேர் தெரியிறது இம்ஹோதெப். அதுக்கு முன்னாடி கல்லறைன்னா செங்கல்ல கட்டின, பெஞ்சு மாதிரி தட்டையான ஒரு மேடை. அதையே கல்லுல பண்ணி, அது மேல சின்னதா இன்னொண்ணு, அது மேல இன்னொண்ணுன்னு ஆறு அடுக்கு வச்சாங்க. சுமார் 60 மீட்டர் உயரம். சரி, கல்லை வச்சு உயரமா கட்டலாம்னு தெரிஞ்சு போச்சு.

அடுத்து ஸ்னெஃபெரு. கூஃபுவோட அப்பா. என் கணக்குல இந்தக் கதையோட ஹீரோ இவர்தான், ஆனா டூரிஸ்ட் பஸ் பெரும்பாலும் இவர் பக்கம் திரும்புறதே இல்ல. சக்காராவுக்கும் தெற்கே தாஷுர்ல இவர் கட்டினது ரெண்டு. முதலாவது, கீழ்ப்பாதி சுமார் 54 டிகிரி சாய்வுல ஏறுது. பாதி உயரம் போனதும் சடார்னு 43 டிகிரிக்கு மடங்குது. வளைஞ்ச பிரமிடுன்னே அதுக்குப் பேர். அடியில இருந்த மண் உறுதியா இல்ல, உள்ளறைகள்ல விரிசல் விட ஆரம்பிச்சது, அதனால எடையைக் குறைக்க நடுவுல சாய்வை மாத்தினாங்கன்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க. உள்ளே முட்டுக் கொடுத்த தேவதாரு மரக்கட்டைகள் இன்னும் இருக்கு. 4,600 வருஷத்துக்கு முன்னாடி புரொடக்‌ஷன்ல போட்ட ஹாட்ஃபிக்ஸ். அது இன்னும் அப்படியே நிக்குது.

அதே ராஜா பக்கத்துலயே அடுத்ததைக் கட்டினார், சிவப்புப் பிரமிடு. இந்த முறை ஆரம்பத்துல இருந்தே 43 டிகிரி. ரிஸ்க்கே எடுக்கல. வழவழன்னு நாலு பக்கமும் நேரா ஏறின முதல் பெரிய பிரமிடு இதுதான். அதுக்கப்புறம் மகன் கூஃபு, கீசாவுல நல்ல கெட்டியான பாறையைத் தேர்ந்தெடுத்து, கிட்டத்தட்ட 52 டிகிரியில, 146 மீட்டருக்கு ஏத்துறார். ஜோசர்ல இருந்து இதுவரைக்கும் எல்லாமே ஏறக்குறைய நூறு வருஷத்துக்குள்ள. தாத்தா காலத்துல ஆரம்பிச்சு பேரன் காலத்துல முடிஞ்ச வேலை.

முதல்ல கீசாவைப் பார்த்தா அது வானத்துல இருந்து விழுந்த மாதிரிதான் இருக்கும். வேற்றுகிரகவாசி கட்டினாங்கன்னு சொல்றவங்க யாரும் தாஷுர் போனதில்லைன்னு நினைக்கிறேன்.

இதுல இன்னொரு விஷயம். 2013-ல செங்கடல் ஓரத்துல வாடி அல்-ஜார்ஃப்ங்கிற இடத்துல, பிரெஞ்சு ஆய்வாளர் பியர் டாலே தலைமையிலான குழு பாப்பிரஸ் சுருள்களைக் கண்டுபிடிச்சாங்க. எழுத்தோட கிடைச்ச பாப்பிரஸ்கள்லயே பழசு அதுதான். அதுல மெரெர்னு ஒரு மேற்பார்வையாளரோட தினக்குறிப்பு இருக்கு. சுமார் 40 பேர் கொண்ட அணி, துரா சுரங்கத்துல இருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகுல ஏத்தி நைல் வழியா கீசாவுக்குக் கொண்டு போன கணக்கு. இன்னைக்கு எங்க இருந்தோம், என்ன ஏத்தினோம், ராத்திரி எங்க தங்கினோம். தத்துவம் எதுவும் கிடையாது, சுத்தமான டைம்ஷீட். பெரிய பிரமிடு வேலையில இருந்த ஒருத்தரோட பதிவு நம்ம கையில இருக்குங்கிறதே எனக்குப் போதும்.

அந்தப் பாப்பிரஸ்ல கூஃபு பேர் வருது. அதைப் படிக்க உங்களுக்கு நாலு எழுத்து போதும். ராஜா பேரைச் சுத்தி எப்பவும் ஒரு நீள்வட்டக் கயிறு இருக்கும். உள்ளே குறுக்கே கோடு போட்ட ஒரு வட்டம், சல்லடை மாதிரி, அது 'க்ஹ்'. அடுத்து காடைக் குஞ்சு, 'ஊ'. அடுத்து கொம்பு வச்ச விரியன் பாம்பு, 'ஃப்'. மறுபடி காடைக் குஞ்சு. க்ஹ்-ஊ-ஃப்-ஊ. எந்தப் பக்கம் இருந்து படிக்கணும்னு குழம்ப வேண்டாம்: பறவையும் மனுஷனும் எந்தப் பக்கம் பார்க்குறாங்களோ, அந்தப் பக்கம் இருந்து ஆரம்பிக்கணும். அம்மா இதை ரெண்டு நாள்ல பிடிச்சுட்டாங்க. இப்போ மளிகை லிஸ்ட் ஓரத்துலகூட விரியன் பாம்பு வரைஞ்சு வைக்கிறாங்க. கூஃபுவோட பிரமிடு அறைச் சுவர்கள்ல எழுத்து கிடையாது, அங்க தேடாதீங்க. உள்சுவர் முழுக்க எழுத்து வேணும்னா சக்காராவுல உனாஸ் மன்னரோட பிரமிடு, கி.மு. 2350 வாக்குல கட்டினது. எழுத்து இருக்கிற முதல் பிரமிடு அதுதான்.

இப்போ முட்டி விஷயம். பெரிய பிரமிடுக்கு உள்ளே போற வழி சில இடத்துல குனிஞ்சுதான் போகணும், ஏத்தமும் செங்குத்து. சிவப்புப் பிரமிடுல முதல்ல வெளியே 28 மீட்டர் ஏறி, அப்புறம் உள்ளே 60 மீட்டருக்கு மேல சரிவுல இறங்கணும். அம்மாவுக்கு ரெண்டுமே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். பிரமிடை வெளியில இருந்து பார்க்கிறதுதான் முக்கால்வாசி அனுபவம்னு நான் நினைக்கிறேன், உள்ளே வெறும் கல் அறைதான். அபு சிம்பெலும் வெட்டு. அஸ்வான்ல இருந்து போக வர முழு நாள் ரோட்டுல போயிடும். 1964-ல இருந்து 1968 வரைக்கும் அணைத் தண்ணி மூழ்கடிக்காம இருக்க அந்தக் கோயிலை அறுத்து மேலே தூக்கி வச்ச கதை பிரமாதமானது, அதை விட்டுட்டுப் போறதுல எனக்கு வருத்தம்தான். ஆனா எட்டு நாள்தானே.

மிச்ச மூணு நாள் லக்சர். ராஜாக்கள் பள்ளத்தாக்குல பொது டிக்கெட்டுக்கு மூணு கல்லறை பார்க்கலாம், துட்டன்காமனுக்கும் முதலாம் சேத்திக்கும் தனி டிக்கெட். இறங்கி ஏறுறது கம்மியா இருக்கிற கல்லறை எதுன்னு வாசல்லயே கேட்டுக்கலாம்னு இருக்கோம். கர்னாக்ல 134 தூண் இருக்கிற மண்டபம், காலையில கூட்டம் வர்றதுக்கு முன்னாடி. ஆனா நான் அதிகம் காத்திருக்கிறது தெய்ர் எல்-மெதினாவுக்கு. ராஜாக்களோட கல்லறையைக் குடைஞ்ச தொழிலாளர்கள் குடியிருந்த கிராமம். இரண்டாம் ராம்சேஸ் காலத்து வருகைப் பதிவேடு ஒண்ணு, சுண்ணாம்புக்கல் பலகையில எழுதினது, இப்போ பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. யார் எந்த நாள் ஏன் வரலைன்னு கணக்கு. தேள் கடிச்சது. கண்ணு வலி. பீர் காய்ச்சினான். அம்மா சடலத்தைத் துணியில சுத்தினான். மனைவிக்கோ மகளுக்கோ மாதவிடாய். அப்புறம் கி.மு. 1157 வாக்குல, மூன்றாம் ராம்சேஸ் ஆட்சியில, கூலியா வர வேண்டிய தானியம் வரலைன்னு இதே கிராமத்துக்காரங்க வேலையை நிறுத்திட்டுக் கோயில் பின்னாடி போய் உட்கார்ந்துட்டாங்க. உலகத்துல பதிவான முதல் வேலைநிறுத்தம்னு இதைத்தான் பொதுவா சொல்றாங்க. பேக்கேஜ்ல இந்த ஊர் இல்லவே இல்ல, தனியா கேட்டு வாங்கினோம்.

நம்ம ஊர் தொடர்பு கேட்பீங்க, தெரியும். இருக்கு. செங்கடல் ஓரத்துல குசைர் அல்-காதிம் துறைமுகத்துல கிடைச்ச பானை ஓட்டுல தமிழ்-பிராமியில 'பானை ஒறி'ன்னு எழுதியிருக்கிறதா ஐராவதம் மகாதேவன் படிச்சார். உறின்னு நாம சொல்றதுதான். காலம் கி.மு. முதல் நூற்றாண்டு வாக்குல. நாங்க அந்தப் பக்கம் போகல.

கீசா பக்கத்துல இருக்கிற கிராண்ட் எகிப்தியன் மியூசியத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளியிருக்கோம். 2025 நவம்பர்ல முழுசா திறந்தாச்சு, துட்டன்காமன் கல்லறைப் பொருள் 5,000-க்கு மேல அங்கதான். ஏழு நாள் ஊரைப் பார்த்த பிறகு போனா, கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிறது எந்த மண்ணுல இருந்து வந்ததுன்னு தெரியும். லிஃப்ட்டும் உட்கார இடமும் இருக்கு, அது இன்னொரு காரணம்.

மிச்சமெல்லாம் வேகமா. விசா விதி உங்ககிட்ட ஏற்கனவே எந்த நாட்டு விசா இருக்குங்கிறதைப் பொறுத்து மாறுது, அரசு சைட்ல பாருங்க, ரீல்ஸ்ல பார்க்காதீங்க. பெரிய இடங்கள்ல டிக்கெட்டுக்கு கார்டு வேணும், பக்‌ஷீஸுக்குச் சில்லறை வேணும். ஆமா, அங்கயும் அதே வார்த்தைதான். அரபி எண் பத்தையும் கத்துக்கோங்க, விலைப் பலகையில அதுதான் இருக்கும்: புள்ளி வச்சா பூஜ்ஜியம், நம்ம பூஜ்ஜியம் மாதிரி இருக்கிறது அஞ்சு, நம்ம ஏழு மாதிரி இருக்கிறது ஆறு. இது தெரியலைன்னா பேரம் பேசவே முடியாது.

சக்காராவுல அம்மாவோட நடை எவ்வளவு தூரம் தாங்கும்னு மட்டும் எனக்கு இன்னும் கணக்குப் பிடிபடல. வயசான அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போனவங்க யாராவது இருந்தா, கார் எது வரைக்கும் உள்ளே போகும்னு ஒரு வாய்ஸ் நோட் போடுங்க. கிளம்ப இன்னும் மூணு வாரம் இருக்கு.