வேலை முடிந்தும் ஓயாத கைப்பேசி

நமது சிறப்பு நிருபர்

புதுதில்லி: முழுநேர வேலைக்குத் திரும்புவோர் இணையப் பழக்கத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவுரை கூறுவது எளிது. ஆனால், பொழுதுபோக்குக்கும் பணிக்கும் ஒரே கைப்பேசி என்றாகிவிட்ட பிறகு, அந்த அறிவுரையை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஊழியர் என்ன செய்ய முடியும்? கேரளத் தலைநகரிலிருந்து நாடாளுமன்றம் வரை வந்து நிற்கும் கேள்வி இது.

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதிக்கு அருகே, வராகமூர்த்தி கோயிலையும் குளத்தையும் சுற்றி அமைந்த பழைய குடியிருப்பு ஸ்ரீவராகம். நகரின் வடக்கே கழக்கூட்டத்தில் 1990-இல் தொடங்கப்பட்டது நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க். பழைய நகரத்துக் குடும்பங்களுக்கும் கணினித் தொழிலுக்கும் இடையே அதன் பிறகு நெருக்கம் ஏற்பட்டது. 2020-இல் கரோனா பொதுமுடக்கம் வந்தபோது அலுவலகமே வீட்டுக்குள் வந்தது. சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் உள்ள நிறுவனங்கள், ஊழியர்களில் பாதிப் பேர் வரை ஓராண்டுக்கு வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதிக்கலாம் என மத்திய வர்த்தக அமைச்சகம் 2022 ஜூலையில் விதி வகுத்தது. பின்னர் நிறுவனங்கள் ஊழியர்களைத் திரும்ப அழைக்கத் தொடங்கின. அலுவலகம் பழைய இடத்துக்குத் திரும்பியது; ஆனால், வீட்டுக்குள் நுழைந்த அலுவலகச் செய்திகள் வெளியேறவில்லை.

இந்தச் சிக்கலை அதிகம் உணர்பவர்கள், குழந்தை வளர்ப்புக்காகவோ பெற்றோரைக் கவனிப்பதற்காகவோ சில ஆண்டுகள் வேலையை விட்டிருந்து மீண்டும் சேரும் பெண்கள். வீட்டில் இருந்த காலத்தில் செய்தி, உறவினர் உரையாடல், கடைச் சாமான், வேலைக்கான விண்ணப்பம் என எல்லாமே கைப்பேசி வழியாகவே நடந்திருக்கும். முழுநேர வேலை பகல் பொழுதை எடுத்துக்கொண்டதும் அந்தப் பழக்கம் இரவுக்கு நகர்கிறது, தூக்கம் குறைகிறது. அதே இரவில்தான் அலுவலக வாட்ஸ்அப் குழுவும் விழித்திருக்கிறது. மேலாளரின் செய்தி வந்திருக்கிறதா என்று பார்க்க எடுத்த கைப்பேசி, அரை மணி நேரம் கழித்தே கீழே வைக்கப்படுகிறது. இதில் எவ்வளவு நேரம் கடமை, எவ்வளவு நேரம் பழக்கம் என்று பிரித்துச் சொல்வது கடினம். பிரிக்க முடியாத ஒன்றைத் தனிமனிதக் கட்டுப்பாட்டின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது.

இணையத்தில் இணையும் உரிமைக்கு முன்னின்ற மாநிலம் கேரளம். மாணவியர் விடுதியில் கைப்பேசிக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு தொடர்பான வழக்கில், இணைய வசதி பெறுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் எனக் கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. மாநில அரசின் கேஃபோன் இணையத் திட்டம் 2023 ஜூன் 5-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதே மாநிலத்தில்தான், பணி நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைத் தனியார் துறை ஊழியர்களுக்கு வழங்கும் தனிநபர் மசோதாவை அப்போதைய அரசுத் தலைமைக் கொறடா என். ஜெயராஜ் 2025-இல் முன்வைத்தார்.

தில்லியிலும் இந்தக் குரல் ஒலித்தது. தேசியவாத காங்கிரஸ் உறுப்பினர் சுப்ரியா சுலே 2018-இலேயே இத்தகைய மசோதாவை மக்களவையில் அறிமுகம் செய்தவர். 2025 டிசம்பர் 5 அன்று அவர் மீண்டும் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். ஸ்ரீவராகம் அடங்கிய திருவனந்தபுரம் தொகுதியின் உறுப்பினர் சசி தரூரும் அதே நாளில் தனிநபர் மசோதா ஒன்றை அறிமுகம் செய்தார். பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொடர்பான 2020-ஆம் ஆண்டு சட்டத் தொகுப்பைத் திருத்தி, வேலை நேரத்துக்கு வரம்பும் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையும் கோருகிறது அது. அச்சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து அப்போது இரண்டு வாரங்களே ஆகியிருந்தன.

தனிநபர் மசோதாக்களின் வரலாறு நம்பிக்கை தருவதாக இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு இதுவரை 14 மட்டுமே சட்டமாகியுள்ளன. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-இல். எனவே அரசே முன்வந்தால் ஒழிய இந்தக் கோரிக்கை அவைக் குறிப்புகளோடு நின்றுவிடும்.

அரசு தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. கணினி நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் பலர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கின்றனர். அவர்களுக்குப் பகல் என்றால் இங்கே மாலையும் இரவும். கடுமையான சட்டம் வேலைவாய்ப்பைப் பாதிக்கும் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், பிற நாடுகள் இதற்கு வழி கண்டுள்ளன. பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் கொண்ட நிறுவனங்கள் இது குறித்து ஊழியர்களுடன் பேச்சு நடத்த வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், பணி நேரத்துக்குப் பின் வரும் அழைப்புக்குப் பதில் அளிக்க ஊழியர் மறுக்கலாம். மறுப்பு நியாயமற்றதாக இருக்கக்கூடாது என்பதே நிபந்தனை. இரவுப் பணியை இவை தடை செய்யவில்லை. எது பணி நேரம், எது சொந்த நேரம் என்பதை முன்கூட்டியே வரையறுக்கச் சொல்கின்றன.

நம் நாட்டில் அந்த வரையறை இல்லாததால் நல்ல சலுகைகூடத் திசைமாறுகிறது. மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்திய 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், பணியின் தன்மை இடம்கொடுத்தால், விடுப்புக்குப் பின் இருதரப்பு ஒப்புதலுடன் வீட்டிலிருந்து பணிபுரியவும் வழி செய்தது. வரம்பு எழுதப்படாத வீட்டுப் பணி, தாய்க்கு உதவியாகத் தொடங்கி நாள் முழுதும் நீளும் பணியாக முடியக்கூடும்.

சட்டம் வந்தாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. மேலாளர் அழைக்காத இரவிலும் கைப்பேசி ஒளிரத்தான் செய்யும். அந்தப் பழக்கத்தையும் அலட்சியம் செய்வதற்கில்லை. அளவுமீறிய தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கு என்றே பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு நடத்தி வருகிறது. மனநல ஆலோசனைக்கு மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவையும் உள்ளது.

ஆனால், கைப்பேசியை அணைத்துவைக்கும் மன உறுதியை ஊழியரிடம் எதிர்பார்க்கும் முன், அணைத்துவைத்தால் வேலைக்கு ஆபத்து வராது என்ற உறுதியை அவருக்கு அளித்தாக வேண்டும். அந்த உறுதியை வழங்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். அதன் பிறகு மிஞ்சும் நேரத்தைக் காப்பது அவரவர் பொறுப்பு.