குளிர் நாட்டில் திராட்சைத் தோட்டம்: ஓர் இரவுப் பனியில் ஓராண்டு வருமானம்!

இங்கிலாந்தில் திராட்சை விளையுமா? மழையும் குளிருமான அந்த நாட்டில் ஆப்பிள் விளையும், உருளைக்கிழங்கு விளையும். திராட்சை என்றால் பலர் நம்ப மாட்டார்கள். ஆனால் இன்று அங்கே ஏறக்குறைய ஆயிரம் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மே மாதத் தொடக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். கென்ட் மாவட்டத்தில், ஒரு குன்றின் தெற்குச் சரிவில் 5 ஏக்கர் தோட்டம். கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள். கணவர் முன்பு லண்டனில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதியவர். சேமிப்பையெல்லாம் போட்டு இந்த நிலத்தை வாங்கினாராம். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து ஒயினை ருசி பார்க்கத் தலைக்கு 20 பவுன் கட்டணம். அன்று நாங்கள் 12 பேர்.

கம்பம் பள்ளத்தாக்கில் பார்க்கிற பந்தல் அங்கே இல்லை. வரிசையாகக் கம்பு நட்டு, கம்பி இழுத்து, அதில் கொடியைக் கட்டியிருக்கிறார்கள். வெயில் குறைந்த நாடு. எல்லா இலையிலும் வெயில் பட வேண்டுமே! கம்பத்தில் ஆண்டு முழுவதும் திராட்சை உண்டு. இங்கே ஒரே அறுவடை. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். நல்ல ஆண்டில் ஒரு கொடிக்கு ஏறக்குறைய ஒரு பாட்டில் ஒயின் தேறும். அவ்வளவுதான்.

வெள்ளைக் கல்

தோட்டக்காரர் குனிந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்துக் கொடுத்தார். கையில் மாவாக ஒட்டியது. சுண்ணாம்பு! பிரான்சில் ஷாம்பேன் வட்டாரத்தின் நிலத்தடியிலும் இதே வகைச் சுண்ணாம்புதான். அங்கே பயிராகும் ஷார்டனே, பினோ நுவார் ரகங்களைத்தான் இவரும் போட்டிருக்கிறார். 2017-ல் தெத்தாஞ்ஜே என்ற பிரெஞ்சு ஷாம்பேன் கம்பெனியே கென்ட்டுக்கு வந்து கொடி நட்டது.

திராட்சை இங்கே புதிதும் அல்ல. 1086-ல் அரசர் எடுத்த நிலக் கணக்கிலேயே 40-க்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன. பிறகு அந்தத் தொழில் நசிந்தது. 1950-களின் தொடக்கத்தில் மேஜர் ஜெனரல் சர் கை சாலிஸ்பரி ஜோன்ஸ் என்பவர் ஹாம்ப்ஷயரில் வியாபாரத்துக்காகக் கொடி நட்டு, அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார்.

மெழுகு டின்கள்

கொட்டகை ஓரத்தில் பெயிண்ட் டின் போன்ற டின்கள் அடுக்கியிருந்தன. என்ன என்று கேட்டேன். உள்ளே மெழுகு. ஏப்ரலிலும் மே முதல் பாதியிலும் கொடி துளிர் விடும். அப்போது ஒரே ஓர் இரவு குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரி போனால் போதும், துளிர் கருகிவிடும். மறுபடி துளிர்க்கும். ஆனால் அதில் காய் குறைவு.

அந்த இரவுகளில் கணவனும் மனைவியும் தூங்குவதில்லை. ஏக்கருக்கு ஏறக்குறைய 100 டின்களை வரிசைகளுக்கு நடுவே வைத்துக் கொளுத்துகிறார்கள். 2017 ஏப்ரல் கடைசியில் விழுந்த உறைபனியில் தென் இங்கிலாந்தின் பல தோட்டங்கள் பெரும் நஷ்டப்பட்டன. பூமி சூடாகி வருவதால்தான் இங்கே திராட்சை நன்றாகப் பழுக்கிறது. அதே சூட்டினால் கொடி முன்னதாகவே துளிர்த்து, பனியிலும் மாட்டிக்கொள்கிறது!

பழத்தைக் கையால் பறிக்கிறார்கள். பெரிய தோட்டங்களுக்கு ருமேனியா, பல்கேரியா போன்ற நாடுகளிலிருந்து கூலியாட்கள் வருகிறார்கள். இவருக்கு அது கட்டாது. அக்கம்பக்கத்தார் வந்து பறித்துக் கொடுக்கிறார்கள். மதியச் சாப்பாடும் ஒரு பாட்டிலும்தான் சம்பளம்.

பொங்கும் ஒயின்

பழச்சாறு புளித்து ஒயினான பிறகு, சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலில் அடைக்கிறார்கள். உள்ளேயே மறுபடி புளித்து வாயு உண்டாகிறது. அந்த அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதனால்தான் கனமான கண்ணாடி. சர்க்கரை சேர்த்து ஒயினைப் பொங்க வைக்கும் வித்தையை 1662-லேயே கிறிஸ்டோபர் மெரட் என்ற ஆங்கிலேயர் லண்டன் ராயல் சொசைட்டியில் எழுதிக் கொடுத்துவிட்டாராம். தோட்டக்காரர் இதை இரண்டு முறை சொன்னார். ஆனாலும் தம் சரக்குக்கு "ஷாம்பேன்" என்று பெயர் போட இவருக்கு உரிமை கிடையாது.

பாட்டில் இரண்டு மூன்று ஆண்டு இருட்டறையில் கிடக்க வேண்டும். அதுவரை போட்ட பணம் முடங்கிக் கிடக்கும். விற்றாலோ, பாட்டிலுக்கு 2 பவுனுக்கு மேல் தீர்வை. அதன் மேல் 20 சதவீத வரி. எங்களைப் போன்றவர்கள் கொடுக்கும் 20 பவுனில்தான் மாதச் செலவு ஓடுகிறது என்றார் அந்த அம்மாள்.

கடைசியில் ருசி பார்க்கும் சடங்கு. முதலில் கிளாசை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்க்க வேண்டும். பிறகு மெல்லச் சுழற்றி முகர வேண்டும். அப்புறம்தான் ஒரு வாய். மேஜை மீது ஒரு பாத்திரம் இருந்தது. கார் ஓட்டி வந்தவர்கள் வாயில் கொப்பளித்து அதில் துப்பிவிட்டார்கள். விலை தெரிந்த எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை! ருசி? நல்ல புளிப்பு, பச்சை ஆப்பிளைக் கடித்தது போல் இருந்தது.

ஒன்பது பேர் பாட்டில் வாங்கினார்கள். அவர் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துக் கொண்டிருந்தபோது ரேடியோவில் வானிலை அறிக்கை வந்தது. சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். இரவு வானம் தெளிவாக இருக்கும், குளிர் 1 டிகிரி வரை இறங்கும் என்றார்கள். பள்ளத்தில் அதைவிடக் குறையும் என்று மனைவியிடம் சொன்னார்.

ரயிலைப் பிடிக்க நாங்கள் கிளம்பியபோது, இருவரும் மெழுகு டின்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டிருந்தார்கள்.