உங்களுக்குத் தெரியுமா? காப்பர் பைப் கட்டருக்குப் பல்லே கிடையாது!

ஏசி மெக்கானிக்கின் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குட்டிக் கருவியைக் கவனித்திருக்கிறீர்களா? காப்பர் பைப்பைத் துண்டாக்குகிற டியூப் கட்டர்தான் அது. அதில் தேடினாலும் ஒரு பல் கிடைக்காது! கூர்மையான எஃகுச் சக்கரம் ஒன்று, எதிரே உருளைகள் இரண்டு, பின்னால் ஒரு திருகு. மொத்தக் கருவியும் இவ்வளவுதான்!

அது செம்பை அறுப்பதே இல்லை, பிளக்கிறது! சுற்றச் சுற்றச் சக்கரம் உலோகத்தை இருபக்கமும் ஒதுக்கிக்கொண்டே உள்ளே இறங்குகிறது. பைப் இரண்டாகும்போது கீழே கொட்டுகிற தூள் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்!

ஹேக்ஸா பிளேடு போதாதா என்கிறீர்களா? கணக்கைப் பாருங்கள். வீட்டு ஏசி பைப்பின் சுவர் கனம் சுமார் 0.8 மி.மீ. இஞ்சுக்கு 24 பல் உள்ள பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தூரம் 1.06 மி.மீ. பல்லின் இடைவெளியைவிடப் பைப்பின் சுவர் மெல்லிசு! பிளேடு மாட்டி மாட்டி இழுக்காமல் வேறு என்ன செய்யும்? பொடிப் பல் பிளேடு, அதாவது இஞ்சுக்கு 32 பல் வாங்கினாலும் இடைவெளி 0.79 மி.மீ! போதாக்குறைக்கு, அறுத்த தூள் பைப்புக்குள் விழும். கம்ப்ரஸருக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை!

0.8 மி.மீ. என்றால் எவ்வளவு? நியூயார்க்கில் நிற்கும் சுதந்திர தேவி சிலையின் மேனி முழுக்கச் செம்புத் தகடு. அதன் கனம் சுமார் 2.4 மி.மீ. உங்கள் வீட்டு ஏசி பைப்பின் கனம் அதில் மூன்றில் ஒரு பங்கு!

அந்த மெல்லிய சுவர் தாங்குகிற அழுத்தத்தைக் கேட்டால் அசந்துபோவீர்கள். இன்றைய ஏசிகளில் ஓடுகிற ஆர்-32 வாயு 50 டிகிரி செல்சியஸில் திரவமாகும்போது அழுத்தம் 30 பாரைத் தாண்டிவிடும். உங்கள் கார் டயரில் இருப்பது சுமார் 2.2 பார்தான். 13 மடங்குக்கும் மேல்!

சக்கரம் வெளியே செய்கிற வேலை கண்ணாடி போல் இருக்கும். உள்ளே விரலை விட்டுப் பாருங்கள் என்று சொல்ல மாட்டேன், கிழித்துவிடும்! ஒதுக்கப்பட்ட செம்பு உள்பக்கம் பிசிறாகச் சுருண்டு நிற்கும். இந்தப் பிசிறு செய்கிற அநியாயத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கால் இஞ்ச் பைப், அதாவது கடைக்காரர் கணக்கில் 2 நூல். இருபுறமும் சுவர் கனம் 0.8 மி.மீ. போனால் உள்வாய் 4.75 மி.மீ. சுற்றிலும் வெறும் அரை மில்லிமீட்டர் பிசிறு நின்றால் போதும், வாயின் பரப்பில் 38 சதவீதம் காலி!

அதனால்தான் பல கட்டர்களின் முதுகில் ஒரு கூரான முக்கோணத் தகடு மடங்கிக் கிடக்கிறது. அதன் பெயர் ரீமர். கட்டர் வைத்திருக்கிற பலர் அதை ஒருநாளும் திறந்ததே இல்லை! பிசிறு எடுக்கும்போது பைப்பின் வாய் தரையைப் பார்த்தபடி இருக்கட்டும். சுரண்டிய செம்பு உள்ளே போகாமல் கீழே விழுந்துவிடும். செலவே இல்லாத காப்பீடு!

தண்ணீர் பைப்புக்கும் இது பொருந்தும். பிசிறு எடுக்காத முனையைத் தாண்டும் தண்ணீர் சுழன்றடித்துச் செம்பை அரித்துக்கொண்டே போகும். கடைசியில் பைப்பில் ஓட்டையே விழும். செம்பைத் தண்ணீர் ஓட்டை போடுகிறது!

கடையில் எந்தக் கட்டரைக் கேட்பது? 3 முதல் 16 மி.மீ. வரை பிடிக்கிற மினி கட்டர் கேளுங்கள். வீட்டு ஏசியில் வழக்கமாக வருகிற 2 நூல், 3 நூல், 4 நூல், 5 நூல் நான்கும் அதற்குள் அடங்கும். 5 நூல் பைப்பின் விட்டம் 15.88 மி.மீ. மிச்சம் இருப்பது 0.12 மி.மீ. மட்டும்!

உருளைகளை உற்றுப் பாருங்கள். நடுவில் வளையமாக ஒரு பள்ளம் ஓடுகிறதா? விடாதீர்கள், அதையே வாங்குங்கள்! விரிசல் விட்ட பழைய ஃபிளேரை, அதாவது இணைப்புக்காக விரித்த பைப் வாயை, அந்தப் பள்ளத்தில் உட்காரவைத்து, கழுத்தை ஒட்டியே வெட்டிவிடலாம். சுவரிலிருந்து கையளவு பைப்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது என்கிறபோது ஒவ்வொரு மில்லிமீட்டரும் தங்கம்!

சில கட்டர்களில் திருகின் கைப்பிடியைக் கழற்றினால் உள்ளே ஒரு புதையல். மாற்றுச் சக்கரம்! கம்பெனியே ஒளித்துவைத்துக் கொடுத்திருக்கும்.

அமெரிக்காவில் ஒரு வேடிக்கை. அங்கே குழாய் வேலைக்கான அரை இஞ்ச் காப்பர் பைப்பை வெளியே அளந்தால் அரை இஞ்ச் வராது. முக்காலும் வராது. எட்டில் ஐந்து இஞ்ச்! எந்த அளவு கேட்டாலும் வெளி விட்டம் எட்டில் ஒரு இஞ்ச் கூடுதலாகவே இருக்கும். ஏசி பைப் மட்டும் சொன்ன அளவே வெளி அளவு!

அதே அமெரிக்க பைப்பில் மூன்று கனம் உண்டு. பைப்பின் மேல் அச்சிட்ட எழுத்தின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பச்சை தடி, நீலம் நடுத்தரம், சிவப்பு மெல்லிசு. அரை இஞ்சில் தடிச் சுவர் 1.24 மி.மீ., மெல்லிசு 0.71 மி.மீ. ஆனால் வெளி விட்டம் மூன்றுக்கும் ஒன்றே. ஒரே கட்டர் மூன்றுக்கும் போதும்!

இங்கிலாந்துக் குழாய்க்காரர்களிடம் திருகே இல்லாத கட்டர் இருக்கிறது! 15 மி.மீ. பைப்புக்கு ஒன்று, 22 மி.மீ. பைப்புக்கு ஒன்று. பைப்பில் மாட்டிச் சுற்றினால் உள்ளேயிருக்கிற ஸ்பிரிங்கே சக்கரத்தை அழுத்திக்கொள்ளும்.

திருகை முழுப் பலத்தோடு இறுக்கினால் சீக்கிரம் வேலை முடியுமா? முடியாது, பைப் நசுங்கி முட்டை வடிவாகும்! ஒரு சுற்று, அப்புறம் லேசாக ஒரு திருகு. மறுபடி ஒரு சுற்று, லேசாக ஒரு திருகு. இந்தப் பொறுமையில்தான் வட்டம் வட்டமாகவே இருக்கும். அழுத்தி இறுக்குகிறவருக்குப் பிசிறும் அதிகம், சக்கரத்தின் ஆயுளும் குறைவு!

சக்கரம் நலமா என்று பார்க்கப் பத்து நொடி போதும். மெல்லப் பிடித்து ஒரே ஒரு சுற்று. கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்ந்ததா? நலம்! விலகிப்போய்ப் பைப்பில் மரை போட ஆரம்பித்ததா? சக்கரமோ உருளையோ அச்சோ தேய்ந்துவிட்டது. சக்கரம் மட்டும் என்றால் மாற்றிக்கொள்ளலாம், கட்டரையே தூக்கிப்போட வேண்டாம்!

காப்பருக்கான சக்கரத்தை இரும்புக் குழாயில் வைத்துப் பார்க்கிற ஆசை வேண்டவே வேண்டாம். இரும்புக்கு வேறு சக்கரம், பிளாஸ்டிக்குக்கு வேறு சக்கரம்!

ஒரு சொட்டு எண்ணெய். சக்கரத்தின் அச்சில், உருளைகளில், திருகின் மரையில். பராமரிப்பில் பாதி முடிந்தது! ஆனால் வழிகிற எண்ணெயைத் துடைத்துவிட்டு வெட்டுங்கள். ஆர்-32 ஏசிக்குள் ஓடுகிற எண்ணெயே வேறு சாதி, சாதாரண எண்ணெய் ஆர்-32 வாயுவோடு கலக்காது! ஸ்பேனர் குவியலில் கட்டரை அப்படியே போடாதீர்கள், சின்னப் பையில் போடுங்கள். விளிம்பில் கடுகளவு சிதைவு விழுந்தாலும் அந்த இடம் மட்டும் வெட்டாமல் தாண்டிப் போகும்!

காப்பர் பைப் நவீனச் சரக்கு என்று நினைத்தீர்களா? எகிப்தின் அபுசிரில் சஹுரே மன்னனின் பிரமிடுக் கோயிலில் செம்புக் குழாய் வடிகால் கண்டெடுக்கப்பட்டது. தகட்டை அடித்து, வளைத்துக் குழாயாக்கியிருக்கிறார்கள். வயது 4,400 ஆண்டுக்கும் மேல்!

இத்தனை கெட்டிக்காரக் கட்டரும் கைவைக்கக் கூடாத ஒரு காப்பர் குழாய் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. ஃபிரிட்ஜின் கேபிலரி! சக்கரம் வைத்தால் அந்த நூலிழை வாய் அடைத்துப்போகும். மெக்கானிக் அரத்தால் சுற்றிலும் லேசாகக் கீறி, முன்னும் பின்னும் வளைத்துப் படக்கென்று ஒடிப்பார். பரவலாகப் புழங்குகிற அளவு ஒன்றில் அதன் உள்விட்டம் 0.031 இஞ்ச். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஃபிரிட்ஜைக் குளிரவைக்கிற திரவம் அத்தனையும் போவது அந்த 0.79 மி.மீ. ஓட்டை வழியாக!