சொல்லிழந்தோர் துயர்

நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என வகுத்தார் வள்ளுவர். மறதிநோய் முற்றிய முதியோரிடத்து இந்நான்கனுள் முதலாவது வாய்மூடிவிடுகிறது. பல்லில் வலி இருப்பினும் அதனை எடுத்துரைக்க அவரால் இயலாது. உணவை மறுப்பார், இரவில் அலறுவார், தொடுவோரை அடிப்பார். அறியாதார் இதனைப் பிடிவாதம் என்பர்.

நோயை மாற்ற இயலாதபோதும் துன்பத்தைத் தணிக்க இயலும் என்பது நோய்த்தணிப்புப் பராமரிப்பின் கொள்கை. 1967-ஆம் ஆண்டில் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தோற்றுவித்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் மருத்துவராகவும் பயின்றவர். உடல், உள்ளம், சுற்றம், ஆன்மா ஆகிய நான்கிடத்தும் வலி உண்டு என்றார் அவர். மூவகைப் பயிற்சியும் ஒருவர்க்கே வாய்த்தல் அரிது. ஆதலின் பலர் கூடிப் பணியாற்றுதல் வேண்டும்.

முதியோர் இல்லத்தில் உணவூட்டும் பணிப்பெண்ணே முகச்சுளிப்பை முதலிற் காண்கிறாள். செவிலியர் மூச்சு, முனகல், முகக்குறி, உடலசைவு, தேற்றினால் தேறுதல் ஆகிய ஐந்தனையும் நோக்கி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பிடுவர். இவ்வளவுகோல் 2003-இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. மருத்துவர் அதற்கேற்ப மருந்தை வரையறுப்பார். முதியவர் முன்பு விரும்பியன எவை, வெறுத்தன எவை என மக்கள் உரைப்பர். நோய் முற்றியோர்க்குக் குழாய்வழி உணவு செலுத்துதலினும் கையால் பரிவுடன் ஊட்டுதலே தக்கது என அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

பணிப்பெண் கண்டதை மருத்துவர் கேளாராயின் மருந்து பயன்படாது. நினைவு நீங்கினும் நோவு நீங்குவதில்லை. ஆதலின், சொல்லிழந்த ஒருவர்க்குச் சூழ்ந்திருப்போர் அனைவரும் நாவாதல் வேண்டும்.