எஞ்சினுக்குக் காத்திருந்த விமானங்கள்

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் லின் என்றொரு ஊர். அங்குள்ள ஜி.இ. ஏரோஸ்பேஸ் தொழிற்சாலையில் தயாரான எஃப்-404 எஞ்சின் ஒன்றை 2025 மார்ச் கடைசியில் இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். ஒற்றை எஞ்சின்தான். ஆனாலும் அது பெரிய செய்தியானது. தேஜஸ் மார்க்-1ஏ போர் விமானத்துக்காக 2021 ஆகஸ்ட்டில் அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான ஹெச்.ஏ.எல். ரூ.5,375 கோடிக்கு ஆர்டர் கொடுத்த 99 எஞ்சின்களில் முதலாவது அது. வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய இரண்டு ஆண்டு தாமதம். கணக்குப் பார்த்தால் ஓர் எஞ்சினின் விலை சுமார் ரூ.54 கோடி. அது வராததால், பல நூறு கோடி விலையுள்ள விமானங்களின் உடல்கள் பெங்களூருவில் தயாராகியும் பயனில்லாமல் நின்றன. கையிருப்பில் இருந்த பழைய எஞ்சின்களை மாட்டித்தான் சோதனைப் பறத்தல்களை நடத்த வேண்டியிருந்தது. 2024 மார்ச்சுக்குள் விமானப்படைக்குப் போயிருக்க வேண்டிய முதல் விமானம் அந்த ஆண்டு முடிந்தும் போகவில்லை.

விமானப்படைக்கு இது சின்ன விஷயமல்ல. அனுமதிக்கப்பட்ட பலம் 42 ஸ்குவாட்ரன்கள். 2025 செப்டம்பரில் சண்டிகரில் மிக்-21-க்கு விடை கொடுத்த பிறகு எஞ்சியவை 29.

தாமதத்துக்கு ஜி.இ. சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். தேஜஸுக்கென்றே மாற்றியமைத்த இந்த வகை எஞ்சினில் முன்பு கேட்ட 65-ஐயும் 2016-க்குள் கொடுத்து முடித்துவிட்டார்கள். அடுத்த ஆர்டர் வரும் அறிகுறி இல்லை. உற்பத்தி வரிசையை மூடிவிட்டார்கள். ஐந்து ஆண்டு கழித்து நாம் 99 கேட்டபோது, உதிரிபாகம் செய்து கொடுத்த சிறு நிறுவனங்களை மறுபடியும் திரட்ட வேண்டியிருந்தது. இடையில் கொரோனா வேறு. ஆலை அமெரிக்காவினுடையது; ஆனால் அந்த ஐந்தாண்டு மௌனம் நம்முடையது.

போர் விமானம் என்றதும் 'ஒன்று எத்தனை கோடி?' என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. செய்யும் வேலையை நடுவில் நிறுத்துவதற்கும் ஒரு விலை உண்டு என்பதும், பல சமயம் அதுவே பெரிய விலை என்பதும் அந்தக் கேள்விக்குள் வருவதில்லை.

முதல் கேள்விக்கே நேரான பதில் கிடையாது. 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ்களுக்கு ஏறத்தாழ ரூ.48,000 கோடிக்கு ஒப்பந்தம் ஆனது. வகுத்தால் ஒன்றுக்கு ரூ.578 கோடி. உடனே 'இந்த விலைக்கு வெளிநாட்டு விமானமே வாங்கலாமே' என்று விவாதம் கிளம்பியது. அப்போதைய ஹெச்.ஏ.எல். தலைவர் ஆர்.மாதவன் கணக்கைப் பிரித்துச் சொன்னார்: விமானங்களுக்கான அடிப்படை விலை சுமார் ரூ.25,000 கோடி, தளங்களில் தேவைப்படும் தரைக் கருவிகளுக்கும் கட்டமைப்புக்கும் ரூ.11,000 கோடி, சுங்கவரி, ஜி.எஸ்.டி. மட்டும் ரூ.7,000 கோடி, மீதி வடிவமைப்பு, அந்நியச் செலாவணி வகையறா. அவர் கணக்கில் ஒரு தேஜஸ் போர் விமானம் ரூ.309 கோடி. 309, 578 இரண்டுமே உண்மைதான். இரு நாட்டு விமானங்களை ஒப்பிட்டு யாராவது விலை சொன்னால், எந்த விலை என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பணக்கார நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் எஃப்-22 ராப்டரை முதலில் 750 வரை வாங்கத் திட்டம். சோவியத் யூனியன் போனது, எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே வந்தது, 2009-இல் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் 187 போதும் என்று நிறுத்தினார். வடிவமைப்புச் செலவு முழுவதும் அந்தக் கொஞ்சத்தின் தலையில் விழுந்ததால், ஒவ்வொன்றும் 35 கோடி டாலர் என்ற கணக்கு வந்தது. உற்பத்தி முடிந்தபோது அச்சுகளையும் கருவிகளையும் கலிஃபோர்னியாவில் ராணுவக் கிடங்கு ஒன்றில் பத்திரப்படுத்தினார்கள். தொழிலாளர்கள் செய்யும் முறையைக்கூட வீடியோ எடுத்து வைத்தார்கள். மறுபடி தொடங்கினால் என்ன என்று சில ஆண்டுகளிலேயே யோசனை வந்தது. இன்னும் 194 விமானம் செய்ய சுமார் 5,000 கோடி டாலர் ஆகும், அதில் தொடங்குவதற்கு மட்டுமே 1,000 கோடி டாலரை ஒட்டிப் போகும் என்று 2017-இல் அமெரிக்க விமானப்படை அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது. யோசனை அத்தோடு கைவிடப்பட்டது. வீடியோவில் ஏறாத ஏதோ ஒன்று அந்தத் தொழிலாளர்களின் கையில் இருந்திருக்க வேண்டும்.

நம் நாட்டுக் கதை இன்னும் பழையது. ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப்-190 போர் விமானத்தை வடிவமைத்த கர்ட் டேங்க் 1956-இல் பெங்களூரு வந்தார். அவர் தலைமையில் உருவான ஹெச்.எஃப்-24 மாருத் 1961 ஜூனில் பறந்தது. சுதந்திரம் கிடைத்து 14 ஆண்டே ஆன நாட்டுக்கு அது சாதாரணச் சாதனையா! குறை ஒன்றே ஒன்று, எஞ்சின். எந்த பிரிட்டிஷ் எஞ்சினை மனதில் வைத்து வரைந்தார்களோ, அதன் உருவாக்கத்தை பிரிட்டன் கைவிட்டது. பணம் கொடுத்துத் தொடரச் செய்யவும் டெல்லி முன்வரவில்லை. கிடைத்த சிறிய ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டை வைத்தே ஒப்பேற்றினார்கள். ஒலியின் வேகத்தை மிஞ்ச வடிவமைத்த விமானம் கடைசிவரை அந்த வேகத்தைத் தக்கவைக்கவில்லை. 1971 போரில் லோங்கேவாலா பகுதியில் நன்றாகவே உழைத்தது. மொத்தம் 147 செய்ததோடு கதை முடிந்தது.

அடுத்த தலைமுறைப் போர் விமானத்துக்கு, அதாவது பின்னர் தேஜஸ் ஆன எல்.சி.ஏ. திட்டத்துக்கு, அனுமதி வந்தது 1983-இல். மாருத் பறந்து 22 ஆண்டு. வரைபலகையில் அமர்ந்த இளைஞர்கள் ஓய்வை நெருங்கியிருப்பார்கள். தேஜஸுக்கு ஏன் இத்தனை ஆண்டு என்று கேட்பவர்கள் 1983-இலிருந்து எண்ணுகிறார்கள். அதற்கு முந்தைய வெற்று ஆண்டுகளையும் சேர்த்து எண்ணுவதே நியாயம்.

தேஜஸ் தன்னிலையில் நிலையற்ற விமானம். குறையாக அல்ல, வேண்டுமென்றே அப்படி வடித்தார்கள். சட்டென்று திரும்ப அதுவே வசதி. ஆனால் அப்படிப்பட்ட விமானத்தை மனிதக் கை மட்டும் கட்டுப்படுத்த முடியாது. விமானி குச்சியை அசைத்தால் கணினி அதை வாங்கி, இறக்கைப் பரப்புகளை நொடிக்குப் பல தடவை திருத்திக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதை ஸ்வீடன் பார்த்தது. க்ரிபன் விமானத்தின் முதல் மாதிரி 1989 பிப்ரவரியில் தரையிறங்கும்போது கட்டுப்பாட்டு மென்பொருள் காரணமாக ஊசலாடி நொறுங்கியது. திருத்தினார்கள். 1993 ஆகஸ்ட்டில் ஸ்டாக்ஹோம் நீர்விழாவில், கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொரு க்ரிபன் அதே வகைக் கோளாறால் விழுந்தது. இரண்டு தடவையும் ஓட்டியவர் லார்ஸ் ரோடஸ்ட்ரோம். இரண்டு தடவையும் பிழைத்தார்.

நம் பொறியாளர்கள் இந்த மென்பொருளுக்கு லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் துணையோடு அமெரிக்காவில் இருந்து வேலை செய்தார்கள். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை. அமெரிக்கா தடை விதித்தது. கருவிகள் அங்கேயே தங்கிவிட, பொறியாளர்கள் திரும்பினார்கள். மீதியைப் பெங்களூருவில் தாங்களே முடித்தார்கள். 2001 ஜனவரி 4-இல் விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் முதல் தேஜஸை ஓட்டினார். அந்த நாளிலிருந்து 23 ஆண்டு ஒரு தேஜஸும் விழவில்லை. முதல் விபத்து 2024 மார்ச்சில், ஜெய்சால்மர் அருகே, விமானி தப்பினார். 2025 நவம்பரில் துபாய் கண்காட்சியில் நடந்த விபத்தில் விமானி உயிர் போனது. இந்த இரண்டையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் சோதனைக் காலத்தில் ஒரு விமானத்தைக்கூட இழக்காமல் வந்தது உலகத்தில் அடிக்கடி நடப்பதல்ல. நிதானம் என்ற பெயரில் அதற்கும் ஆண்டுகளைத்தான் செலவழித்தோம். 2016-இல் இரண்டே விமானங்களோடு தொடங்கிய முதல் தேஜஸ் படைப்பிரிவு 2018-இல் கோவையை அடுத்த சூலூருக்கு வந்தது, இரண்டாவதும் அங்கேதான் தொடங்கியது. எஞ்சினிலிருந்து விசையை வாங்கி மற்றக் கருவிகளுக்குக் கொடுக்கும் கியர்பெட்டியோ ஆவடி டாங்கி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது.

எஞ்சின் மட்டும் வசப்படவில்லை. தேஜஸுக்கென்று உள்நாட்டில் தொடங்கிய காவிரி எஞ்சின் திட்டத்துக்கு 1989-இல் ரூ.383 கோடி ஒதுக்கி, 1996-க்குள் முடிப்பதாகச் சொன்னார்கள். மதிப்பீடு பிறகு ரூ.2,839 கோடி வரை ஏறியது. எடை கூடியது, உந்துவிசை குறைந்தது, 2004-இல் ரஷ்யாவில் உயரச் சோதனையில் தோற்றது, 2008-இல் தேஜஸ் திட்டத்திலிருந்து கழற்றிவிடப்பட்டது.

எங்கே இடிக்கிறது? ஒரு டர்பைன் பிளேடைப் பார்த்தால் போதும். கைக்குள் அடங்கும் அளவுதான். அதைச் சுற்றி வீசும் வாயுவின் வெப்பம், அந்த உலோகம் உருகும் வெப்பத்தைவிட அதிகம். சுழலும் வேகத்தில் ஒவ்வொரு பிளேடும் பல டன் இழுப்பைத் தாங்க வேண்டும். சாதாரணமாக உலோகம் இறுகும்போது சின்னச் சின்ன மணிகளாகப் படியும். மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள எல்லைகளே சூட்டில் முதலில் விட்டுக்கொடுக்கும். எனவே எல்லையே இல்லாமல் பிளேடு முழுவதையும் ஒரே படிகமாக வளர்க்கிறார்கள். தொடக்கம் சுவாமிமலைச் சிற்பிகள் ஐம்பொன் வார்க்கும் அதே முறைதான்: மெழுகில் உருவம், மேலே பூச்சு, மெழுகை உருக்கி எடுத்த வெற்றிடத்தில் உலோகம். அதன் பிறகுதான் வித்தியாசம். அச்சை உலையிலிருந்து மிக மெதுவாகக் கீழே இறக்குவார்கள். அடியில் சுருள் பாதை ஒன்று இருக்கும். பல படிகங்கள் முளைத்தாலும் அந்தச் சுருளைத் தாண்டி மேலேறுவது ஒன்றே ஒன்று. பிளேடின் உடம்பில் தலைமுடி போன்ற துளைகள் இட்டு, அதன் வழியே காற்றை விட்டுக் குளிர்விப்பார்கள். வெளியே பீங்கான் பூச்சு. எந்த வேகத்தில் இறக்குவது, எத்தனை பிளேடு கழிவில் போகும் என்பதெல்லாம் செய்து செய்து கற்பது. ஹைதராபாத் டி.எம்.ஆர்.எல். ஆய்வகம் ஒற்றைப்படிகப் பிளேடுகளை ஹெலிகாப்டர் எஞ்சினுக்காகச் செய்து ஹெச்.ஏ.எல்.லிடம் கொடுத்தது 2021-இல். காவிரி தொடங்கி 32 ஆண்டு கழித்து.

எஞ்சின் செய்பவர்களுக்குச் சோதனைக்கூடமும் வேண்டும். உயரத்தின் அழுத்தத்தையும் குளிரையும் தரையிலேயே உருவாக்கும் வசதி நம்மிடம் இல்லாததால்தான் காவிரியை ரஷ்யாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே போக முறை கிடைக்க வேண்டும், கோளாறு தெரிந்தால் திரும்பக் கொண்டுவந்து பிரிக்க வேண்டும்.

நிற்காமல் ஓடினால் மட்டும் செலவு குறைந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத் திட்டத்தில் சோதனை முடியும் முன்பே உற்பத்தியைத் தொடங்கினார்கள். கோளாறு தெரியத் தெரிய, ஏற்கெனவே செய்த விமானங்களைப் பிரித்துத் திருத்தினார்கள். 2001-இல் ஒப்பந்தம்; முழு அளவு உற்பத்திக்கு அனுமதி 2024-இல். அதன் ஆயுள் முழுமைக்குமான செலவு 2 லட்சம் கோடி டாலரைத் தாண்டும் என்கிறது அமெரிக்கத் தணிக்கை அலுவலகம். அதில் சுமார் 1.58 லட்சம் கோடி வெறும் பராமரிப்பு. வாங்குவதைவிட வைத்திருப்பதுதான் செலவு.

இந்தியா இப்போது ஆம்கா என்ற ஐந்தாம் தலைமுறை விமானத்துக்கு ரூ.15,000 கோடி ஒதுக்கியிருக்கிறது. முதல் மாதிரிகள் அமெரிக்க எஞ்சினில்தான் பறக்கும். பின்னால் வருபவற்றுக்காக பிரான்சின் சாஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து புது எஞ்சின் உருவாக்கப்போவதாக 2025 ஆகஸ்ட்டில் அமைச்சர் ராஜ்நாத் சிங் சொன்னார். அது பற்றி இப்போதே பேசப் பெரிதாக ஒன்றுமில்லை. பத்து ஆண்டு வேலை. பேச வேண்டியது அதற்கு அடுத்த மாதம் நடந்தது. இன்னும் 97 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ரூ.62,370 கோடி ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பரில் அவற்றுக்காக 113 எஞ்சின்களுக்கும் ஹெச்.ஏ.எல். ஆர்டர் கொடுத்தது, 2027 முதல் 2032 வரை வரவேண்டும். முந்தைய 99-இல் விரல்விட்டு எண்ணும் அளவே வந்திருந்தன. லின் ஆலையின் உற்பத்தி வரிசையை இந்தத் தடவை யாரும் மூட வேண்டியதில்லை.