எட்டு போட்டா போதுமா, தம்பி? பைக் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் ஒரு நிமிடம்!

திருவாலங்காடு,–

பிளஸ்–2 தேர்வு முடிந்ததும் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்.

"அப்பா, பைக் வாங்கிக் குடு!"

மகன் கேட்கிறான். அம்மா சிபாரிசு செய்கிறார். அப்பா தவணையில் வண்டி எடுத்துக் கொடுக்கிறார். மாலை போட்டு, எலுமிச்சம் பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி, கோவிலை ஒரு சுற்று சுற்றி வருகிறார்கள்.

வண்டிக்குச் செலவு. பூஜைக்குச் செலவு. ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு?

"அதுக்கு எதுக்குக் காசு? பிரண்டு வண்டியிலே நாலு நாள் ஓட்டினா தானா வந்துடும்!"

ஆபத்து இங்கேதான் ஆரம்பம்.

2022–ம் ஆண்டு மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். அவர்களில் 100–க்கு 44 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இது மத்திய அரசு வெளியிட்ட கணக்கு. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் இடம் எந்த மாநிலத்துக்கு? நம்ம தமிழ்நாட்டுக்கு!

எட்டு என்ன சொல்லித் தரும்?

லைசென்ஸ் வாங்க எல்லோரும் எட்டு போடுகிறோம். காலை ஊன்றாமல், மெதுவாக, வளைத்து வளைத்து ஓட்ட வேண்டும். வண்டி சாயாமல் நிற்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். நல்ல சோதனைதான்.

ஆனால் 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது குறுக்கே மாடு வந்தால் என்ன செய்வது? அதற்கு எட்டில் விடை கிடையாது.

60 கிலோ மீட்டர் வேகம் என்றால், ஒரு வினாடிக்குள் வண்டி 17 மீட்டர் ஓடிவிடும். மாட்டைப் பார்த்து, "ஐயோ" என்று மனசு சொல்லி, கை பிரேக்கைப் பிடிப்பதற்கே ஒரு வினாடி ஆகிறது. அதற்குப் பிறகு நல்ல சாலையில், இரண்டு பிரேக்கையும் ஒழுங்காகப் போட்டாலும் இன்னும் 20 மீட்டர் போகும். மொத்தம் 37 மீட்டர்!

அதுவே 80–ல் போனால் 58 மீட்டர் ஆகிவிடும்.

"முன் பிரேக் பிடிச்சா கவிழ்ந்துடும்டா" என்று பிரண்டு சொல்லிக் கொடுத்திருப்பான். அதை நம்பிப் பின் பிரேக்கை மட்டும் மிதித்தால், நிற்கும் தூரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். பிரேக் போட்டதும் பாரம் எல்லாம் முன் சக்கரத்துக்குப் போகிறது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். வெடுக்கென்று பிடிக்காமல், ஈரத்துணியைப் பிழிவது போல அழுத்திக்கொண்டே போக வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. கை பழக வேண்டும்.

125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வசதி 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். ஆனால் முதல் வண்டியைப் பலரும் பழையதாகத்தான் வாங்குகிறார்கள். அதற்கு முன்பு வந்த பழைய வண்டிகள் பலவற்றில் இது கிடையாது.

நம்ம ஊர் சாலை

காலையில் அரக்கோணம் மார்க்க மின்சார ரெயிலைப் பிடிக்க ஸ்டேஷனுக்குப் பறக்கிறோம். கரும்பு வெட்டும் காலத்தில் சர்க்கரை ஆலைக்குப் போகிற டிராக்டர், பாரத்தைப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டு மெதுவாகப் போகும். இரவில் அதன் பின்விளக்கு எரியுமா என்பது அவரவர் அதிர்ஷ்டம். ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணிக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் சாலையோரம் நடந்து போவார்கள். சென்னையில் இருந்து திருப்பதிக்குப் போகிற காரும் பஸ்சும் அதே நெடுஞ்சாலையில் சீறுகின்றன.

ஆகவே புதிதாக ஓட்டுகிறவன் முதலில் கற்க வேண்டிய வித்தை நிறுத்துவது. அடுத்தது விலகுவது. வேகம் அதற்கெல்லாம் பிறகு!

பணம் கட்டும் முன் கேளுங்கள்

மோட்டார் சைக்கிள் பயிற்சி என்று இப்போது பல விளம்பரங்கள் வருகின்றன. ஒருநாள் வகுப்பு, இரண்டுநாள் முகாம், பந்தயப் பாதையில் ஒருநாள் என்று விதவிதமாக. எதில் சேரலாம்? இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? கூட்டம் அதிகம் என்றால் உங்கள் தவறை யார் கவனிப்பார்?

வண்டியில் எத்தனை மணி நேரம்? நாள் முழுக்கப் படம் காட்டிவிட்டு, மாலையில் ஒரு சுற்று விட்டால் பிரயோஜனம் இல்லை.

அவசர பிரேக் பயிற்சி உண்டா? 20, 30, 40 என்று வேகத்தைக் கூட்டிக் கூட்டிப் பழக்குகிறார்களா? "இல்லை" என்று பதில் வந்தால் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி விடுங்கள்.

யார் வண்டி? உங்கள் வண்டி என்றால், கீழே விழுந்தால் ரிப்பேர் செலவு யாருடையது?

முதல் உதவி, ஆம்புலன்சுக்கு என்ன ஏற்பாடு?

ஒன்றை மறக்காதீர்கள். எந்தப் பயிற்சி நிலையம் தரும் சர்டிபிகேட்டும் லைசென்ஸ் ஆகாது. முதலில் எல்.எல்.ஆர்., 30 நாள் கழித்து லைசென்ஸ். கியர் வண்டிக்கு வயது 18. அதற்கு முன்பு மகன் ஓட்டிப் பிடிபட்டால், 2019–ல் திருத்திய சட்டப்படி அப்பாவுக்கு 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது!

பந்தயப் பாதைக்குப் போகலாமா?

பைக் பந்தயம் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுபாதையில் ஒரு காலத்தில் பந்தயம் நடந்தது. அதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் இன்று தாத்தாக்கள். பிறகு 1990–ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை திறந்தார்கள். சுமார் 3.7 கிலோ மீட்டர் நீளம், 12 வளைவுகள்.

பந்தயம் இல்லாத நாட்களில், சாதாரண பைக்காரர்களும் கட்டணம் கட்டி அங்கே ஓட்டும் ஏற்பாடுகள் நடப்பது உண்டு. அதற்குப் பெயர் 'டிராக் டே'. அனுபவத்துக்கு ஏற்றபடி பிரித்து, குழு குழுவாக உள்ளே விடுவார்கள். எதிரே வண்டி வராது. மாடு வராது. கொடியைப் பார்த்து ஓட்ட வேண்டும். மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். முழு ஹெல்மெட், தோல் உடை, கையுறை, பூட்ஸ் இல்லாமல் உள்ளே போக நினைக்காதீர்கள்.

கீத் கோட் என்பவர் 1980–ல் அமெரிக்காவில் தொடங்கிய 'கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல்' இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. அவர்களுடைய முதல் பாடம் என்ன தெரியுமா? வளைவில் ஆக்சிலேட்டரை எப்படிப் பதறாமல் திருகுவது, எந்த இடத்தில் வண்டியைத் திருப்புவது, கைப்பிடியை இறுக்காமல் உட்காருவது. உலகப் புகழ் பெற்ற பள்ளிக்கூடமே அரிச்சுவடியில் இருந்துதான் ஆரம்பிக்கிறது!

யார் பொறுப்பு?

திருவாலங்காட்டுக்குப் பக்கத்துக் கிராமம் பழையனூர். நீலி கதை எல்லோருக்கும் தெரியும். "உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு" என்று வணிகனுக்கு வாக்குக் கொடுத்த 70 வேளாளர்கள், அவன் மாண்டதும் தீயில் இறங்கி உயிரை விட்டார்கள்.

இன்று அப்படி யார் பொறுப்பு ஏற்பார்? பந்தயப் பாதையில் நுழையும் முன்பு ஒரு தாளை நீட்டுவார்கள். 'எது நடந்தாலும் நானே பொறுப்பு' என்று நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். சாதாரண வண்டி இன்சூரன்சும் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. டிராக் டேக்குச் செல்லுமா என்று பாலிசித் தாளைப் படித்துப் பாருங்கள்.

பாதுகாப்பான பாதை என்று அசட்டையாக இருந்துவிட முடியாது. 2023 ஆகஸ்டு மாதம் இதே இருங்காட்டுக்கோட்டையில், தேசிய சாம்பியன் போட்டியில் ஓட்டிய 13 வயது பெங்களூர் சிறுவன் கீழே விழுந்து பரிதாபமாக உயிர் இழந்தான். அவன் பயிற்சி பெற்ற பந்தய வீரன்!

ஆகவே வரிசை மாறக்கூடாது. முதலில் லைசென்ஸ். அடுத்து நல்ல ஆசிரியரிடம் பிரேக் பயிற்சி. ஆறு மாதமாவது மழை, வெயில், இரவு என்று சாலை அனுபவம். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் பந்தயப் பாதைக்குப் போகலாம். அங்கேயும் சும்மா சுற்றிவிட்டு வராமல், ஆசிரியர் இருக்கிற வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள்.

காளியோடு போட்டி போட்டு, சிவபெருமான் ஒரு காலைத் தலைக்கு மேலே தூக்கி ஆடிய ரத்தின சபை நம்ம ஊர். அது ஊர்த்துவ தாண்டவம். தெருவிலே முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போவது தாண்டவம் அல்ல, தம்பி!

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டிக்கு முன்பணம் கட்டும்போதே பயிற்சிக்கும் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். நல்ல ஹெல்மெட்டுக்கு இன்னொரு தொகை. மகன் முகம் சுளிப்பான். சுளிக்கட்டும். சாயந்திரம் ஒழுங்காக வீடு வந்து சேருகிறானே, அது போதும்!