நஞ்சும் முறியும் – 9: வடநெம்மேலியிலிருந்து வரும் குப்பி

நஞ்சையும் அதை அடக்கும் எதிர்நஞ்சையும் ஒரே பாக்டீரியா தன் உடலுக்குள் அருகருகே உருவாக்கி வைத்திருக்கிறது என்பதை 1983இல் ஓகுரா, ஹிராகா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் ஈ.கோலை பாக்டீரியாவின் எஃப் பிளாஸ்மிடில், அதாவது குரோமோசோமுக்குப் புறத்தே வளையமாக இருந்து பெருகும் டி.என்.ஏ.வில், கண்டறிந்தனர். அதிலுள்ள சிசிடிபி என்னும் நச்சுப் புரதம், டி.என்.ஏ.வின் முறுக்கைச் சீர்செய்யும் கைரேஸ் என்ற நொதியை முடக்கி உயிரணுவைக் கொல்ல வல்லது. அதன் துணையான சிசிடிஏ அந்த நஞ்சை இறுகப் பற்றிச் செயலற்றதாக்குகிறது. நஞ்சு நெடுநேரம் நிலைத்திருக்க, எதிர்நஞ்சோ விரைவில் சிதைந்துவிடுவதால், உயிரணு பிரியும்போது பிளாஸ்மிட் கிடைக்காமல் போன பாதி, புதிதாக எதிர்நஞ்சைச் செய்துகொள்ள வழியின்றித் தாயிடமிருந்து வந்த நஞ்சாலேயே மடிகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவன் வரதராஜன் குழுவினர் பல ஆண்டுகளாக நுணுகி ஆராய்ந்துவரும் இந்த இணையில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது, எதிர்நஞ்சு தன் இணையான நஞ்சுக்கென்றே வடிவம் கொண்டிருப்பதாகும்.

மருத்துவத்தில் பயன்படும் எதிர்நஞ்சு வேறு வகைப் பொருள். அது விலங்கின் குருதியில் விளையும் எதிர்ப்புரதம். எனினும் பொருத்தம் என்ற விதி அதற்கும் உண்டு. தொண்டை அடைப்பான், டெட்டனஸ் ஆகியவற்றின் நஞ்சுகளை இவ்வாறு முறிக்கலாம் என்று 1890இல் பேரிங்கும் கிடசாட்டோவும் காட்டினர்; அதே வழியில் 1890களின் நடுவில் ஆல்பெர்ட் கால்மெட் நாகப்பாம்பின் நஞ்சுக்கு எதிரான சீரத்தை உருவாக்கி, அது எல்லாப் பாம்புகளுக்கும் போதும் என்று நம்பினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ஜார்ஜ் லாம், நாகத்துக்கான அந்தச் சீரம் கண்ணாடிவிரியனின் நஞ்சைத் தடுக்காது எனச் சோதனைகளால் நிறுவினார். இன்று இந்திய மருத்துவமனைகளில் தரப்படும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என நான்கின் நஞ்சையும் குதிரைகளுக்குச் செலுத்திப் பெறப்படுவது இதனால்தான்.

அந்த நஞ்சின் பெரும்பகுதி கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வடநெம்மேலியிலிருந்து வருகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டு, அதை நம்பியிருந்த இருளர்கள் பிழைப்பிழந்த நிலையில், பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978இல் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. உரிமம் பெற்ற உறுப்பினர்கள் வயல் வரப்புகளிலும் எலிவளைகளிலும் தடம் பார்த்துப் பிடித்துவரும் பாம்புகள், துணியால் வாய் கட்டிய மண்பானைகளில் ஏறத்தாழ ஒரு மாதம் வைக்கப்பட்டு, வாரம் ஒருமுறை நஞ்சு எடுக்கப்பட்டபின், மீண்டும் அதே பாம்பு பிடிபடாதிருக்க வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விடப்படுகின்றன. உறைநிலையில் உலர்த்திப் பொடியாக்கப்பட்ட நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது. அங்கே சிறுகச் சிறுகக் கூட்டிய அளவில் அதை ஏற்ற குதிரைகளின் குருதிநீரிலிருந்து எதிர்ப்புரதம் பிரிக்கப்பட்டுத் தூய்மையாக்கப்படுகிறது. ஆய்வுக்கூடத்தின் நுட்பம் எவ்வளவு வளர்ந்தாலும், இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி இருளரின் கையும் கண்ணுமே. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருளர் இருவருக்கும் வழங்கப்பட்ட பத்மஸ்ரீ, மிகத் தாமதமாக வந்த மரியாதை என்றே சொல்ல வேண்டும்.

அந்த மருந்து தேவைப்படும் இடங்களில், சென்னையின் மேற்கிலுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்றும், வடநெம்மேலியைப் போலவே, பழைய செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்கள். ஏரிப் பாசன வயல்கள் மனைகளாகி, தொழிற்பேட்டைகளும் குடியிருப்புகளும் நெருங்கிய பின்னும், ஏரிக்கரைப் புதரும் காலி மனைகளும் குப்பையைத் தேடிவரும் எலிகளும் எஞ்சியிருப்பதால் பாம்புகளுக்கு அங்கே வாழ்வு தொடர்கிறது. மழைநீர் வளைகளில் புகும் ஐப்பசி, கார்த்திகையில் அவை வீடுகளை நோக்கி வருகின்றன. கடிபட்ட ஒருவருக்கு அங்கே ஏற்றப்படும் மருந்து அந்த வட்டாரத்துப் பாம்புகளின் நஞ்சாலேயே உருவானது என்பது இப்பகுதி மக்களுக்கு வாய்த்த நற்பேறு. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் நிலத்துக்கு நிலம் வேறுபடுவதால், இதே மருந்து நாட்டின் வேறு சில பகுதிகளில் போதிய பயன் தருவதில்லை என்று இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழுவினர் காட்டியுள்ளனர்.

மருந்தின் அளவும் இதே பொருத்தத்தை ஒட்டியதே. ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் கண்ணாடிவிரியன் நஞ்சை முறிக்கும். எனவே 10 மில்லி கொண்ட ஒரு குப்பி 6 மில்லிகிராமையும், 10 குப்பிகள் 60 மில்லிகிராமையும் முறிக்கும். அப்பாம்பு ஒரு கடியில் செலுத்தும் நஞ்சு சராசரியாக 63 மில்லிகிராம் என்று கணக்கிடப்பட்டிருப்பதே, சிகிச்சை பெரும்பாலும் 10 குப்பிகளோடு தொடங்கப்படுவதன் காரணம். கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்ப்பதன் மூலம், விரியன் நஞ்சு குருதியைக் கெடுத்துள்ளதா என்பதைச் சிறிய மருத்துவமனையிலும் அறியலாம். ஆனால் கட்டுவிரியன் வேறு விதம்: இரவில் தரையில் உறங்குவோரை அது கடிக்கும்போது வலியோ தழும்போ தெரியாமலே போகலாம், அதன் நஞ்சு நரம்பு முனைகளைச் சிதைத்தபின் எத்தனை குப்பிகள் ஏற்றினாலும் அந்தச் சிதைவு திரும்பாது, முனைகள் மீண்டும் வளரும்வரை செயற்கைச் சுவாசமே உயிரைக் காக்கும். ஆகவே விடியலில் காரணமின்றி வயிற்றுவலியும் இமைச்சரிவும் கண்டவரைப் பாம்புக்கடி என ஐயுறுவது மருத்துவரின் கடமையாகிறது. நாட்டு வைத்தியத்தில் செலவழியும் ஒவ்வொரு மணி நேரமும் எதிர்நஞ்சின் பயனைக் குறைக்கிறது.

குதிரைப் புரதமே ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பதால், நாகம், கட்டுவிரியன் முதலியவற்றின் ஒருவகை நரம்பு நஞ்சை எதிர்க்கும் செயற்கை மனித எதிர்ப்புரதம் ஒன்றைச் சுனகர் குழுவினர் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கி, எலிகளில் சோதித்து, 2024இல் வெளியிட்டனர். விரியன்களுக்கு அது உதவாது. மனிதருக்குப் பயன்பட இன்னும் பல சோதனைகள் தேவை. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியதால், தனியார் மருத்துவமனைகளும் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியுள்ளது. அந்தப் பதிவுகள் உண்மையாகத் திரண்டால், ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் எந்த மாதத்தில் எத்தனை குப்பிகள், எத்தனை சுவாசக் கருவிகள் தேவை என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்க முடியும்.

(தொடரும்)